கதவு ஆணியில் தொங்கிய முடிச்சு

அம்மாவுக்கு நர்மதாவின் வணக்கம். கால்வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? மூணாறில் விடாத மழை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நீங்கள் கழுவிக் கொடுத்த டப்பாக்களில் சாக்பீஸ், கிரேயான், கத்தரிக்கோல் எல்லாம் தனித்தனியாகப் போட்டு, பேர் ஒட்டி, இந்த எஸ்டேட் பள்ளியில் என் வகுப்பை ஒழுங்காக்கினேன். கதவு ஆணியில் ஈரமாகத் தொங்கிய அழுக்குத் துணி முடிச்சைக் குப்பையில் எறிந்தேன்.

மறுநாள் தேயிலைக்காட்டு வழியே வந்த பிள்ளைகளின் கால்களில் அட்டைகள். "உப்பு முடிச்சு எங்க டீச்சர்?" என்றாள் சிவசங்கரி. அதை ஒற்றினால் அட்டை விழுந்துவிடுமாம். வடகரப்பதி வெயிலில் வளர்ந்த எனக்கு அது தெரியவில்லை. எறிந்துவிட்டதாக அவளிடம் சொல்லிவிட்டு, நாற்காலி மேல் ஏறிக்கொண்டேன். பயப்படாதீர்கள், என்னை எதுவும் கடிக்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த தலைமை ஆசிரியை, "முடிச்ச யாரு எடுத்தது?" என்று பிள்ளைகளை அதட்டினார். நான் வாய் திறக்கவில்லை. சிவசங்கரி என் முகத்தைப் பார்த்தாள்.

"நாந்தான் டீச்சர், தொலைச்சுட்டேன்."

காலில் ரத்தம் வழிய நின்று அவள் திட்டு வாங்கினாள். அப்போதும் நான் பேசவில்லை.

உங்கள் பழைய பருத்திச் சேலையில் சின்னப் பைகள் சில தைத்து அனுப்புங்கள். உப்பு இங்கே வாங்கிக்கொள்வேன். பார்சலுக்குள் உங்கள் கையால் ஏதாவது எழுதி வையுங்கள், திட்டியாவது.

தபால் கொண்டுபோகும் ஜீப் வந்துவிட்டது. வகுப்பு எப்படி என்று அப்பா கேட்டால், சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
நர்மதா