ஸோயாவைத் தூக்காத நாள்

மார்ச் 12, 1979

பாலே பள்ளி ஜோடி வகுப்பில் இன்று ஸோயா என் கையிலிருந்து விழுந்தாள். தலைக்கு மேலே தூக்கியிருந்தேன். சட்டென்று அவள் உடம்பு ஈரத்துணி மூட்டைபோலக் கனத்தது. என் தோளில் மோதி, பக்கவாட்டில் தரையில் விழுந்தாள். இடுப்பில் கன்றிப்போனதோடு தப்பித்தாள். கழுத்து முதலில் போயிருந்தால்?

வாத்தியார் வாதிம் ஆர்கதியேவிச் அவளை ஒன்றும் கேட்கவில்லை. நேரே என்னிடம் வந்தார். "கிளிம், கையில என்ன வெண்ணெயா தடவியிருக்க?"

இங்கே அப்படித்தான். பண்ணைப் பிரபு ஒருவன் தன் அடிமைகளை பாலே ஆடவைத்த கொட்டகையில் ஆரம்பித்த பள்ளி இது. அப்போது பெண் விழுந்தால், தூக்கியவனுக்குச் சவுக்கடி. பிரபு போனான், சவுக்கு போனது, சட்டம் மட்டும் போகவில்லை. விழுந்தால் தூக்கியவன் குற்றம். தாளம் தப்பிக் குதித்தது அவளாகவே இருந்தாலும், மன்னிப்புக் கேட்பது நாங்கள்தான். நானும் எல்லார் முன்னாலும் குனிந்து கேட்டேன்.

ஆனால் கை வழுக்கவில்லை. எனக்குத் தெரியாதா?

மார்ச் 13

மாடிப்படியில் அவளை மடக்கிக் கேட்டேன்.

"கண்ணு இருட்டிருச்சு. ஒரு நொடிதான்."

"என்ன சாப்பிட்ட?"

"முந்தாநாள் ஒரு ஆப்பிள்."

திங்கள்தோறும் மருத்துவ அறையில் தராசு. ஐம்பது கிலோவுக்கு மேல் போனால் ஜோடி வகுப்பு கிடையாது. ஸோயா என்னைவிட அரை விரல்தான் குட்டை. எலும்பே அவ்வளவு கனமிருக்கும்.

"யார்கிட்டயாவது சொன்ன, உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன். தெரிஞ்சா மூட்டை கட்டி அனுப்பிருவாங்க. ஊருக்கு, அந்த வர்குத்தாவுக்குப் போய் என்னடா பண்றது, எங்கப்பாகூட நிலக்கரி அள்ளவா?"

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

மார்ச் 20

வழுக்காமலிருக்க வகுப்புக்கு முன்னால் தரையில் பூவாளியால் தண்ணீர் தெளிப்பது இந்த வாரம் என் முறை. தெளிக்கும்போதே, இங்கே விழுவாளோ, அங்கே விழுவாளோ என்றுதான் மனசு போகிறது.

ஏப்ரல் 17

சாப்பாட்டு அறையில் ஸோயா தன் கஞ்சியை என் தட்டில் தள்ளிவிட்டாள். எங்கள் வகுப்பு ருஸ்லான் பார்த்துவிட்டான். "அவ பங்கையும் நீயே தின்னுட்டா, உன்னை யாருடா தூக்குறது?" எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான்.

மே 22

தேர்வு. நீள மேஜைக்குப் பின்னால் குழு உட்கார்ந்திருந்தது. முதல் பாதி நன்றாகவே போனது.

கடைசித் தூக்குக்கு மூலையிலிருந்து ஓடிவந்தாள். கையைப் பிடித்தேன், பனிக்கட்டி. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. குதித்தாள். நான் தூக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக் கீழேயே நிறுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி, அசையாமல் நின்றுவிட்டேன். பியானோ அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருந்தது.

"ஏன் தூக்கல?"

"தைரியம் வரல, வாதிம் ஆர்கதியேவிச்."

எனக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், தோல்வி. அடுத்த வருடமும் இதே வகுப்புதான். போகட்டும், குற்றம் என் தலையில், அவள் பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அறிவித்தார்கள்: ஸோயாவுக்குத் திங்கள்கிழமை மறுதேர்வு. ஜோடி, ருஸ்லான்.

ருஸ்லான் தூக்குகிறவன் இல்லை, எறிகிறவன். மேலே எறிந்து பிடிப்பான்.

மே 24

ருஸ்லானிடம் சொல்லிவிட்டேன். சத்தியம் போனது போகட்டும்.

"அவ சாப்பிடறதே இல்ல. மேல போனா மயக்கம் வருது. எறியாத."

"வயிறு எரியுதா உனக்கு? நீ கோட்டை விட்டுட்டு இப்ப கதை விடற."

"சத்தியமாடா."

"போய்ப் படு."

மே 25

வாத்தியாரிடம் சொன்னால் அவள் பிழைப்பில் மண். பத்து வயசிலிருந்து இதுதான் அவளுக்கு உலகம். சொல்லாவிட்டால்— எழுத வரல. பயமா இருக்கு. ரொம்ப பயமா இருக்கு.

மே 26

வாத்தியார் அறைக்குப் போனேன். மார்ச்சில் கை வழுக்கவில்லை, அவள்தான் மயங்கினாள், தேர்விலும் அதேதான் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

வாத்தியார் பேனாவை மூடி வைத்தார். "நானும் கீழ போட்டிருக்கேன். எங்க வாத்தியாரும் போட்டிருக்கார். ஒருத்தனும் இப்படி வந்து நின்னதில்ல. பொம்பளப் பிள்ளை மேல பழி போடறியா?"

"ஆமா. போடறேன்."

எழுந்து, அவரே மருத்துவ அறைக்கு நடந்தார். மதியம் ஸோயாவைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

மே 28

கையில் பெட்டியோடு வாசலில் நின்றாள். ஒரு வருடம் ஓய்வு. உடம்பு தேறினால் திரும்ப வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தேறினால்.

"தேர்வுல நீ தூக்கலன்னதும் உன்னைத் திட்டினேன். அதோட விட்டிருக்கலாம் கிளிம். இப்படித் தள்ளிவிட்டிருக்க வேணாம்."

பேருந்து வந்தது, ஏறிவிட்டாள்.

செப்டம்பர் 14

பழைய வகுப்பு, புதிய முகங்கள். ஒரு பெண்ணும் எனக்கு ஜோடியாக வரமாட்டேன் என்கிறாள். "அவன் காட்டிக் கொடுக்கறவன்" என்று பேசிக்கொள்கிறார்களாம். வாத்தியார் மணல் மூட்டையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார். ருஸ்லான் கதவோரம் நின்று, "அது மேலயும் கோள் சொல்லிடாதடா" என்றான். மூட்டையை மறுபடி தூக்கினேன்.

செப்டம்பர் 3, 1980

ஸோயா வந்துவிட்டாள். எனக்கு ஒரு வகுப்பு கீழே. நடைவழியில் எதிரே வந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. சுவரைத் தாண்டுவதுபோல என்னைத் தாண்டிப் போனாள்.

அக்டோபர் 9

அந்தோன் என் விடுதி அறைக்கு வந்தான். ஸோயாவின் புது ஜோடி, இன்னும் மீசைகூட முளைக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"நாளையிலேர்ந்து தலைக்கு மேல தூக்கணும்."

"தெரியும்."

"ஸோயா அனுப்பினா. உங்கூட பேசமாட்டாளாம், அதையும் சொல்லச் சொன்னா."

"சரி."

"எப்ப அவளைத் தூக்கக் கூடாதுன்னு உன்கிட்ட கேட்டுக்கச் சொன்னா. உனக்குத்தான் தெரியுமாம்."

கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னேன். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.