கூகைநாச்சி யாரென்று கேட்க வந்த சம்மந்தி

தென்காசி

அன்பு மகள் பியூலாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் சின்ன ஆளும் அப்படியே சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் உங்கள் மூன்று பேரையும் பெயர் சொல்லித்தான் ஜெபிக்கிறேன், சின்ன ஆளுக்கு இன்னும் பெயர் இல்லாததால் டப்ளின் பிள்ளை என்று சொல்லி வைத்திருக்கிறேன், கர்த்தருக்கு விளங்கும். நாள் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு சப்பாத்தி உருட்டுகிறாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கிறார், இது அவர் காதில் விழக்கூடாத சங்கதி, அதனால்தான் உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். உட்கார்ந்து படி. சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்.

இங்கே சாரல் பிடித்துவிட்டது. துவைத்த துணி எதுவும் காயவில்லை, வீடு முழுக்கக் கொடி கட்டி, ஹாலில் அப்பாவின் வேட்டிக்கு அடியில் குனிந்துதான் டிவி பார்க்கிறோம். குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் நம் தெருவுக்குள்ளேயும் வழி தெரியாமல் நுழைந்து ஹாரன் அடிக்கின்றன. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு பெயிண்ட் கடைக்கு மத்தியானம் வரைதான் போகிறார், மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் சட்டைப் பையிலேயே கிடக்கும். அவரைத் தனியாக விட்டுவிட்டு உன் பிரசவத்துக்கு நான் வர முடியாது என்றுதான் சிவகிரியிலிருந்து உன் மாமியார் வருவதாக ஏற்பாடு செய்தோம். விசாவும் வந்தது, டிக்கெட்டும் போட்டாயிற்று, எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் மகாராணி நீ எழுதிய நாவல் தபாலில் வந்து இறங்கியது.

மகளே, புத்தகம் நன்றாக இருந்தது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அருவிக்குப் பின்னால் ஒரு நாடு, அங்கே பேசுகிற மரங்கள், வாலில் விளக்கெரியும் மீன்கள், இதெல்லாம் உனக்கு எங்கேயிருந்து வருகிறதென்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே படித்தேன், அடுப்பில் சாம்பார் இருப்பதே மறந்துபோயிற்று. பிறகு அந்த மலை அரசி கூகைநாச்சி வந்தாள். வெள்ளைக் கூகை மேல் ஏறி வருகிறாள், சரி. இடுப்பில் சாவிக்கொத்து, சரி. சிம்மாசனத்தைக்கூடக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருகிறாள், யார் எதைக் குடிக்கக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறாள். அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு மந்திரம் எதுவும் கிடையாது, எதிரியைப் பார்த்து "அப்படியா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவன் நின்ற இடத்தில் கல்லாகிவிடுவான் என்று எழுதியிருந்தாயே, அங்கே எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. ஏட்டி, தென்காசியிலும் சிவகிரியிலும் உன் மாமியாரைத் தெரிந்த எல்லாருக்கும் அந்த "அப்படியா?" தெரியும். உன் கல்யாணத்தில் பந்தி வைத்தவனிடம் அவர் அதைக் கேட்ட பிறகுதான் பாயசத்தில் முந்திரி விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கர்த்தாவே இந்தப் புத்தகம் சிவகிரிக்கு மட்டும் போய்ச் சேராதிருப்பதாக என்று வேண்டினேன்.

போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் பக்கத்து வீட்டில் ஸ்வாதி என்று ஒரு கல்லூரிப் பிள்ளை இருக்கிறதாம், அது புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு நேராக ஓடிப்போய், "ஆச்சி, இதுல நீங்க வாறீய" என்று சொல்லிவிட்டது. போன வாரம் சம்மந்தி எனக்குப் போன் செய்தார். வழக்கமாக உடம்பு எப்படி, அண்ணாச்சி மாத்திரை போடுதாவளா என்று கேட்பவர் அன்று எதுவும் கேட்கவில்லை. "மைனி, பியூலா ஒரு பொஸ்தகம் எழுதிருக்காளாமே. அதப் பத்திப் பேசணும், சனிக்கிழம வாறேன்" என்று வைத்துவிட்டார். அவர் கோபித்துக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துப் போட்டால் அந்த ஊரில் உன்னை யார் பார்ப்பார்கள்? மாப்பிள்ளை அம்மா பக்கம் நிற்பாரா பெண்டாட்டி பக்கம் நிற்பாரா? உன்னிடம் சொன்னால் வயிற்றுப் பிள்ளையோடு நீ அழுதுகொண்டு கிடப்பாய், அப்பாவிடம் சொன்னால் நெஞ்சைப் பிடிப்பார். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கூகைநாச்சி நான்தான் என்று சொல்லிவிடுவது. பெற்ற தாயைத் திட்டி எழுதியிருக்கிறாள் என்றால் யாருக்கு என்ன நஷ்டம்?

சொன்னால் மட்டும் போதாது, நம்ப வேண்டுமே. வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஸ்கூட்டி சாவி, துருப்பிடித்துக் கிடந்த பழைய வீட்டுச் சாவி எல்லாவற்றையும் ஒரு வளையத்தில் கோத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று "அப்படியா?" என்று சொல்லிப் பழகினேன். அது லேசுப்பட்ட வார்த்தை இல்லை, கொஞ்சம் குரல் ஏறினால் கேள்வியாகிவிடுகிறது, இறங்கினால் அனுதாபமாகிவிடுகிறது. ஒருவழியாகச் சரியாக வந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்து, "எப்சி, ஒரு காப்பி போடேன்" என்றார். நான் பழக்க தோஷத்தில் திரும்பி, "அப்படியா?" என்றேன். அவர் அப்படியே நின்றார். பிறகு, "யாரு சொன்னா ஒனக்கு? ரெண்டே ரெண்டு புரோட்டாதான் தின்னேன், சால்னாவத் தொடக்கூட இல்ல" என்றார். செங்கோட்டைக்குச் சரக்குப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கே போயிருக்கிறார் பார். நான் கேட்கவே இல்லை, தானாகக் கக்கினார். அந்த வார்த்தைக்கு எவ்வளவு பலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை சம்மந்தி ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கினார். நர்சிங் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனாலும் இன்னும் வார்டுக்குள் வருகிற மாதிரிதான் வருகிறார், அப்பா தன்னையறியாமல் எழுந்து நின்றார். அவர் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். நானும் என் நாற்காலியை முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். காப்பியை முகர்ந்தார், நானும் முகர்ந்தேன். "பால் திரிஞ்சு போச்சா மைனி?" என்று கேட்டார். இல்லை, எனக்கு எப்பவும் அப்படித்தான் என்றேன். அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அவர் பைக்குள்ளிருந்து உன் புத்தகத்தை எடுத்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பிரவுன் பேப்பரில் அட்டை போட்டு வைத்திருந்தார். மடியில் வைத்துக்கொண்டு, "மைனி, இந்தக் கூகைநாச்சி யாரு?" என்று கேட்டார். வாய் மூடுமுன் நான், "நான்தான் மைனி! வேற யாரு? பெத்த தாய இப்படி எழுதிருக்கா பாருங்க, பாவி மக" என்று சாவிக்கொத்தை எடுத்து ஆட்டிக் காட்டினேன்.

"அப்படியா?" என்றார். பிஸ்கட்டை எடுக்க நீட்டிய அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. நான் கோபத்தைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் அவர் முகம் வாடிப்போயிற்று மகளே, பரீட்சை ரிசல்ட்டில் தன் பெயரைக் காணாத பிள்ளை மாதிரி. சாவிக்கொத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி. போர் முடிஞ்ச பொறவு அவ அடிபட்டுக் கெடக்க எதிரிப் பயலுவளுக்கெல்லாம் புண்ணக் கழுவி விடுதாளே, அப்ப ஒவ்வொருத்தன்கிட்டயும் ஒரு கேள்வி கேப்பா. என்ன கேப்பா, சொல்லுங்க" என்றார். எனக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது, அந்த இடத்தில்தான் சாம்பார் தீய்ந்தது. அவர் புத்தகத்தைத் திறக்காமலேயே சொன்னார், "ஒங்கம்மை என்ன கொழம்பு நல்லா வைப்பான்னு கேப்பா. அவனுவ யோசிச்சுச் சொல்லுததுக்குள்ள இவ கட்டுப் போட்டு முடிச்சிருவா. நீங்க எந்த ஆஸ்பத்திரியில மைனி வார்டு பாத்தீய? சர்வீஸ் பூரா நான் கேட்ட கேள்வி அது. என் பெத்த மவனுக்கே தெரியாது. பியூலாட்ட ஒரே ஒரு நாளு, கல்யாணமான புதுசுல, வெங்காயம் உரிக்கையில சொன்னேன்." மடியிலிருந்த புத்தகத்தின் பிரவுன் அட்டையைக் கையால் நீவிவிட்டார். பிறகு மெதுவாக, "பிள்ளை பாக்க ஆளு கெடைக்காம ஆயா வேலைக்குக் கூப்பிடுதாவன்னு நெனச்சேன் மைனி. பிரஷர் இருக்கு, வரலன்னு சொல்லிருவோம்னுதான் இருந்தேன். இதப் படிச்ச பொறவுதான் பரண்ல கெடந்த பெட்டியக் கீழ எறக்குனேன். இப்ப நீங்க அது நீங்கன்னு சொல்லுதீய" என்றார்.

நான் எவ்வளவு பெரிய காரியத்தைக் கெடுக்கப் பார்த்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. இருந்த வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டு, மைனி நான் சொன்னது சுத்தப் பொய், நீங்க கோவிச்சுக்கிட்டுப் போகாம இருந்திருவீயளோன்னு பயந்துபோய்ச் சொன்னேன், அது நீங்கதான், அச்சு அசலா நீங்கதான், கண்ணாடிக்கு முன்னால நின்னு பழகியும் எனக்கு அந்த அப்படியா வரல என்று மூச்சு விடாமல் கொட்டினேன். எங்கே, சொல்லிக் காட்டுங்க என்றார். சொல்லிக் காட்டினேன். அவர் சிரித்தார் பார், இத்தனை வருஷத்தில் உன் மாமியாரின் கடைவாய்ப்பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டாம் பாகத்துல அவளக் கொன்னுருவாளோன்னு ஸ்வாதி சொல்லுதா. கொல்லாண்டாம்னு சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன், கேட்டுக்கொள்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். சம்மந்தி பேச்சோடு பேச்சாக, "ஒங்களயும் நல்லாத்தான் எழுதிருக்கா மைனி" என்றார். என்னையா, நான் எங்கே வருகிறேன் என்றேன். அருவி வாசலில் உட்கார்ந்திருக்கும் தவளையாம்! போகிற வருகிறவனிடமெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்கும், பதில் வருவதற்குள் அடுத்த கதையை ஆரம்பிக்கும், நல்லது செய்கிறேன் என்று குதித்து எல்லாரையும் சேற்றில் தள்ளும், அந்தத் தவளை. ஏட்டி, அந்தத் தவளையைப் படிக்கும்போது எனக்கு வந்த எரிச்சலுக்கு, இது வாயை மூடாதா என்று புத்தகத்தைப் பார்த்துச் சத்தமே போட்டிருக்கிறேன். ஒருநாளும் இல்லை, அது நானில்லை என்று சண்டைக்குப் போனேன். அப்போது, இந்தப் புத்தகத்தில் முதல் பக்கத்து மேப்பைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த உன் அப்பா பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, "தவளை வந்த ஒடனே எனக்குத் தெரிஞ்சுட்டு. ஒனக்குத் தெரியாம கடையில வச்சு ரெண்டு தடவ படிச்சேன்" என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். உனக்கு இருக்கிறது, பிரசவம் முடியட்டும்.

மறுநாள் ஆராதனை முடிந்து சம்மந்தியை ஐந்தருவிக்கு அழைத்துக்கொண்டு போனேன். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் சைனஸ் வந்துவிடும் என்று அவர் ஒருநாளும் அருவியில் தலை நனைத்ததில்லையாம். பெண்கள் பக்கம் ஒரே கூட்டம், எண்ணெய் வாசனை, உள்ளே போனவர்கள் வெளியே வரமாட்டேன் என்கிறார்கள், போலீஸ்காரம்மா விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனாள். சம்மந்தி அவளைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார், எங்களுக்கு வழி கிடைத்தது. தண்ணீர் தலையில் விழுந்ததும் சின்னப்பிள்ளை மாதிரி கத்தினார், என் கையைப் பிடித்துக்கொண்டார், வழுக்கும் என்று பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். அந்தச் சத்தத்துக்குள் என் காதருகே குனிந்து, "மைனி, நீங்க போக முடியலயேன்னு ஒங்களுக்குள்ள இருக்கு. எனக்குத் தெரியும். வெளிய காட்டாம வாயடிச்சுட்டுத் திரியுதீய. பிள்ளை பொறக்கையில நான் அவ பக்கத்துல இருப்பேன். ஒங்களுக்கும் சேத்து இருப்பேன்" என்றார். அப்பாவிடம்கூட நான் சொல்லாத விஷயம் அது. நான் ஒன்றும் பேசவில்லை, எனக்குப் பேச வராமல் போனது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். முகம் முழுக்க அருவித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் அழுதது யாருக்கும் தெரியவில்லை, வசதியாகப் போயிற்று.

கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் தம்முடைய உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும், சுகப்பிரசவம் தரட்டும், மாப்பிள்ளைக்கு நல்ல பொறுமையைத் தரட்டும், வீட்டில் இனிமேல் இரண்டு ராணிகள். இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு போடாதே, வெறும் தரையில் சாக்ஸ் இல்லாமல் நடக்காதே. முக்கியமாக ஒன்று, உன் மாமியாருக்கு நீ புத்தகம் அனுப்பவில்லை, அவர் சொந்தக் காசில் வாங்கியிருக்கிறார், அதை அவர் சொல்லிக்காட்டவில்லை, நான்தான் சொல்லுகிறேன். அவர் வந்து இறங்கியதும் ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடு. அத்தைக்கு என்று மட்டும் எழுதாதே, தங்கபுஷ்பம் அத்தைக்கு என்று அவர் பெயரைப் போட்டு எழுது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
எப்சிபா ஞானதுரை