தொப்புளில் வைத்த பிளேடு

கன்றைத் தூக்கியதில் தோள்பட்டை இற்றுப்போனது போல வலிக்கிறது, எழுத்து கோணலாகத்தான் வரும். மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். "வெறும் சீழ்தான் அண்ணி, ஒரு கீறு போதும்"னு உங்கள் தம்பி கன்றின் தொப்புள் வீக்கத்தில் பிளேடு வைத்தான். "அமுக்கினா உள்ள போகுதுடா, அது குடலு, தொடாத!" என்று கத்தினேன். கீறிவிட்டான். சீழ் பீய்ச்சியது, பின்னாலேயே குடல் சரிந்தது. ஈரத்துணியில் ஏந்திக் கட்டியிருக்கிறேன். கையிலிருந்த பால்வாளியால் அவன் மூஞ்சியில் ஒன்று போட்டேன். மூக்கு உடைந்திருக்கும். கொட்டகையில் கிடக்கிறான், சாகவில்லை, திட்டிக்கொண்டிருக்கிறான்.

சோறு அடுப்பில் இருக்கிறது. அவனால் மெல்ல முடியாது, கரைத்துக் கொடுங்கள்.

தாய்ப்பசு வெறிபிடித்து நிற்கிறது. பின்னங்காலைக் கட்டாமல் கறக்க உட்காராதீர்கள், நெஞ்செலும்பு போய்விடும்.

இடமில்லை, தாளின் ஓரத்தில் எழுதுகிறேன், தாளைத் திருப்பிப் படியுங்கள்: கன்றுக்கு முன்னங்கால் முட்டியும் வீங்கிவிட்டது. தொப்புள் விஷம் மூட்டுவரை போயிருக்கிறது. பிழைக்குமா தெரியாது. பிறந்த அன்றே தொப்புளை அயோடினில் முக்கச் சொன்னேன். "நாளைக்குப் பாத்துக்கலாம்டி"னு புரண்டு படுத்தது நீங்கள். தம்பிக்குக் கொடுத்தாயிற்று. உங்களுக்கு ஒரு அடி பாக்கி இருக்கிறது.