பன்னிரண்டு பேருக்கு ஒரு கோட்டு

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முட்டி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை யாரையும் கெஞ்சி எழுத வைக்கவில்லை, முழுக்க என் கையெழுத்து! ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது, ஆறட்டும்.

கடல் தாண்டி வந்த புதிதில், துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு நாங்கள் தங்கியிருந்த கட்டடத்தைக் கண்காட்சிக்கூடம் ஆக்குகிறார்கள். எங்கள் கதையை ஒரு பெண் சுவரில் வரைகிறாள். என்னைக் கூப்பிட்டாள் என்று போனால் சுவரில் ஓர் ஆள், முதுகில் மூட்டை, குனிந்த தலை, கண்ணில் தண்ணீர். இது யாரும்மா என்றேன். நீங்கதான் தாத்தா என்றாள். மூட்டை தூக்கினேன், மூட்டையோடவா பொறந்தேன் என்று கேட்டுவிட்டு அந்தக் கோட்டுக் கதையைச் சொன்னேன். எங்கள் அறையில் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நீலக் கோட்டு, பழைய துணிக்கடையில் வாங்கியது. வீட்டுக்குப் படம் அனுப்ப வேண்டுமென்றால் அதை மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போவோம். எங்களில் ஒருவன் குட்டையன், அவன் போட்டால் கை தெரியாது, எனக்குப் பொத்தான் எட்டாது. ஊரில் உன் அம்மாவும் குட்டையன் மனைவியும் படங்களை மாற்றிப் பார்த்தபோது இரண்டிலும் பை ஓரத்தில் அதே ஒட்டு! அங்க கோட்டுக்கு அவ்வளவு பஞ்சமா என்று உன் அம்மா எழுத வைத்தாள், இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் என் வாயை அடைக்கிறாள்.

கோட்டோடு வரை என்றேன். கூடத்தின் தலைவர், கோட்டு பொய்தானே பெரியவரே, மூட்டைதானே நிஜம் என்றார். எனக்கு வந்ததே கோபம். எப்ப எழுந்திருக்கணும், எங்க படுக்கணும், எவ்வளவு தூக்கணும், எல்லாம் அடுத்தவன் சொன்னான் தம்பி, எங்களை எப்படிப் பாக்கணும்னு நாங்களா சொன்னது அந்தப் படத்துலதான், அதையும் பிடுங்காதீங்க என்றேன். மூட்டை இல்லாவிட்டால் சுவரில் இடமில்லை என்றார். உங்க இடம் எனக்கு வேணாம் என்று கிளம்பினேன். என்னோடு வந்திருந்த குட்டையனும் சுவரில் இருந்த தன் படத்தை அழிக்கச் சொல்லிவிட்டுக் கைத்தடியோடு பின்னாலேயே வந்துவிட்டான்.

நேற்று அந்தப் பெண் வீட்டுக்கே வந்து, எந்த நீலம் தாத்தா என்று கேட்டாள். இன்று போய்ப் பார்த்தோம், சுவரில் பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து நிற்கிறோம், ஆளுக்கொரு கோட்டு! திங்கட்கிழமை வெள்ளையடிக்க ஆள் அனுப்புவாராம் தலைவர். அனுப்பட்டும், நானும் குட்டையனும் நாற்காலி போட்டுச் சுவரை ஒட்டி உட்காரப் போகிறோம், அம்மாவும் வருகிறாள். முதலில் எங்கள் மேல் அடிக்கட்டும்.

ஓட்டல் சீருடையில் இருப்பதால் படம் அனுப்பவில்லை என்று எழுதியிருந்தாய். வேலையில் அவர்கள் சொன்னபடி நில்லம்மா, அது சம்பளத்துக்கு. படத்துக்கு நிற்கும்போது உன் இஷ்டம். இரவல் சட்டையானாலும் சரி, சீக்கிரம் அனுப்பு. தலை நிமிர்ந்து நீடூழி வாழ்க.

கைவிரல் வலிக்க வலிக்க,
உன் அப்பா