எரியாத பல்பும் நான் போட்ட முடிச்சும்

என் பிரியமான கோவிந்தன் மாப்ளைக்கு,

நீ செய்யச் சொன்ன சோதனைப் பெட்டியைப் போன வாரம் செய்துவிட்டேன். ஒரு சோப்பு டப்பா, இரண்டு டார்ச் செல், ஒரு டார்ச் பல்பு, வெளியே நீட்டிய இரண்டு ஒயர். கம்பியில் தொட்டால் பல்பு எரியும். உள்ளே அறுந்திருந்தால் எரியாது. நீ ஊரை விட்டுப் போய் ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குப் புத்தி வந்தது.

பஞ்சாயத்து ரேடியோ பாடாமல் போன நாள் உனக்கு மறந்திருக்காது. முந்தின நாள் காற்றில் அறுந்த ஏரியல் கம்பியை ஒட்டுப்போட்டவன் நான். மறுநாள் கரகரப்புதான் வந்தது. என்ன கோளாறு என்று பெட்டியைத் திறந்து பார்த்தவன் நீ.

"யாருப்பா ரேடியோவக் கெடுத்தது?" என்று தலைவர் கேட்டார்.

"மாப்ளதான் திறந்து நோண்டுனான்," என்றேன்.

நீ என்னைத்தான் பார்த்தாய். "பெட்டி நல்லாத்தான் இருக்கு மச்சான். கம்பியச் சோதிச்சுப் பாப்போம்," என்றாய். யார் கேட்டார்கள்? இனிமேல் ரேடியோப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் பீடிக் கட்டுக் காகிதத்தில் இந்தப் பெட்டியை வரைந்து என்னிடம் நீட்டினாய். மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து வந்த ரிப்பேர்க்காரர் புது ஏரியல் கட்டியதும் ரேடியோ பாடியது. அப்போதே எனக்கு லேசாக உறைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எப்படி என்னால் முடிந்தது மாப்ளே?

பழைய கம்பி எங்கள் வீட்டில் துணி காயப்போடும் கொடியாகிவிட்டது. போன வாரம் கண்ணில் பட்டதையெல்லாம் சோதித்தபோது, அதில் முடிச்சுக்கு இருபுறமும் சுரண்டி ஒயரை வைத்தேன். பல்பு எரியவில்லை. அன்று கம்பியின் மேல்பூச்சைச் சுரண்டாமலே, தறியில் இழை அறுந்தால் போடுகிற முடிச்சைப் போட்டிருக்கிறேன். இழுத்தாலும் அவிழாது, கரண்டும் போகாது. என் கைக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதென்று உன்னை ஊர் முன்னால் தலைகுனிய வைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

என் தங்கச்சி சரசு, உன் பெண்டாட்டி, ரேடியோ பாடினால் அந்தப் பக்கம் போகாமல் இன்றும் சுற்றிக்கொண்டுதான் போகிறாள். நேற்று அந்தக் கொடியில் சேலையைப் போட்டுக்கொண்டே, "என்னண்ணே அது, அவரு சொன்ன பொட்டியா?" என்றாள். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

நாளைச் சாயங்காலம் ரேடியோவில் சேதி முடிந்ததும், அந்தக் கம்பியோடு எல்லோர் முன்னாலும் நிற்பேன். முடிச்சை அவிழ்க்க மாட்டேன். பல்பு எரியாததை ஊர் பார்க்கட்டும். அதற்கு முன்னால், இன்றைக்கே, இரண்டு ஒயரையும் சரசு கையில் கொடுத்து அவளையே தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.

உன் மேல் பழி போட்ட மச்சான்,
பெருமாள்