ஐந்தா, முப்பத்தொன்பதா

ஜூன் 3

கோபம் குறையாத என் தையற்காரிக்கு,

நலம் என்று எழுத முடியவில்லை. எனக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய். பதறாதே, ஆரம்பக் கட்டம்தான். கதிர்வீச்சு கொடுக்க வேண்டும்; அந்த மெஷின் உன் ஊரில்தான் இருக்கிறது. அதில் இரண்டு வழியாம். வாரம் ஐந்து நாள் வீதம் முப்பத்தொன்பது தடவை, எட்டு வாரம். இல்லையென்றால் கொஞ்சம் பலமாக ஐந்தே தடவை, பத்து நாளில் முடிந்துவிடும். "எதுல பொழைப்பேன்?" என்று கேட்டேன். "உங்க நிலைமைக்கு ரெண்டும் ஒண்ணுதான். அஞ்சு தடவைல முடிக்கிறதுன்னா ஆரம்பத்துல நீர்க்கடுப்பு கொஞ்சம் கூட இருக்கலாம்" என்றார் டாக்டர். சிறுநீரை அடக்கிக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டும். முப்பது வருடம் பஸ் ஓட்டியவனுக்கு அடக்குவது கைவந்த கலை. அசையாமல் இருப்பதுதான் ஆகாது.

உன் வீட்டு முன்னறையில் தங்கலாமா? எட்டு வாரம் கேட்கத்தான் ஆசை.

டிரைவர்

ஜூன் 9

பெண்டாட்டியை விட்டுப் போன டிரைவருக்கு,

கடிதம் பார்த்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டேன். பதினோரு வருடம் கழித்து என் ஞாபகம் வர நோய் வர வேண்டியிருந்ததா? வாருங்கள், முன்னறையை ஒழித்து வைக்கிறேன். ஆனால் ஐந்து தடவையே போதும்.

தையற்காரி

ஜூன் 14

அடியே,

பத்து நாளில் விரட்டப் பார்க்கிறாயே! கடுப்பு வந்தால் படுவது நீயா, நானா? இருபத்திரண்டாம் தேதிக்குள் டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். உட்கார முடியாமல் பஸ் நிலையத்தையே சுற்றிச் சுற்றி வருகிறேன். எட்டு வாரம் என்று சொல்லேன்.

டிரைவர்

ஜூன் 18

டிரைவருக்கு,

கடுப்புக்கு மாத்திரை இருக்கிறதாம், ஆஸ்பத்திரிக்கே போய் விசாரித்தேன். நான் விரட்டவில்லை. எட்டு வாரத்தில் உங்கள் செருப்புச் சத்தம் எனக்குப் பழகிவிடும். இரண்டு டம்ளர் எடுத்து வைக்கக் கை பழகிவிடும். ஒன்பதாவது வாரம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவீர்கள். போன தடவை அந்தப் பழக்கம் விட நாலு வருடம் ஆயிற்று. இன்னொரு தடவை என்னால் ஆகாது. போகமாட்டேன் என்று எழுதுங்கள், எட்டு வாரமும் இருங்கள்.

தையற்காரி

ஜூன் 22

என் கண்ணே,

போகமாட்டேன் என்று மூன்று தாளில் எழுதிக் கிழித்துப் போட்டேன். எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. உன்னிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்ல மனசு வரவில்லை. ஐந்து தடவைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜில் அறை சொல்லியாயிற்று.

பார்க்க வராதே. நீ வந்து நின்றால், முப்பத்தொன்பதும் கொடுங்கள் என்று டாக்டர் காலில் விழுந்துவிடுவேன்.

டிரைவர்