கொழும்பு பஸ் கிடைத்திருந்தால்

என்னங்க,

ரொட்டி சுட்டு மூடி வைத்திருக்கிறேன். சம்பலும் இருக்கிறது. நைட் ஷிப்ட் களைப்பில் சாப்பிடாமல் படுத்துவிடாதீர்கள்.

யோகராணி டீச்சருக்குக் காய்ச்சல். இன்றைக்குத் தலவாக்கலை டியூசனில் அவருக்குப் பதிலாக நான்தான் இங்கிலீஷ் எடுக்கிறேன். என்ன பாடம் தெரியுமா? 'அப்படி நடந்திருந்தால் இப்படி ஆகியிருக்கும்' என்று சொல்லும் பாடம். நாம் படித்த அதே வகுப்பறை. அன்றைக்கு இதே பாடத்துக்கு டீச்சர் ஆளுக்கொரு வசனம் சொல்லச் சொன்னார். நீங்கள் எழுந்து, "அன்னைக்குக் கொழும்பு பஸ் கெடச்சிருந்தா நான் சுலக்ஷனாவப் பார்த்திருக்க மாட்டேன்" என்று இங்கிலீஷில் சொன்னீர்கள். வகுப்பே சிரித்தது. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"வசனம் சரி தம்பி. மிச்சத்தை வெளியில போய்க் கதையுங்கோ" என்றார்.

நேற்று ஃபெக்டரிக்குக் கிளம்பும்போது, "ஒன்னக் கட்டாம இருந்திருந்தா இந்நேரம் கட்டார்ல வேலையில இருந்திருப்பேன்" என்றீர்கள். அந்த வசனத்திலும் பிழை இல்லை.

இன்றைக்குக் கரும்பலகையில் உதாரணத்துக்கு உங்கள் பழைய வசனத்தைத்தான் எழுதப்போகிறேன். பெயரை மட்டும் மாற்றிவிடுவேன்.

சுலக்ஷனா

மறந்துவிட்டேன்: கேஸ் முடியப்போகிறது, சுடுதண்ணீரை விறகடுப்பில் வையுங்கள்.

இன்னொன்று. பின்னேரம் மழை வரும் போலிருக்கிறது. தூங்கி எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தீர்கள் என்றால் சேர்ந்தே நடந்து வரலாம். குடையை வேண்டுமென்றுதான் கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறேன்.